சிற்றோடை மீன்களும் மிக இலேசான தூண்டிலும்

சித்தூர், திருப்பதி ஆகிய இரு மாவட்டங்களிலும் பேராறு என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. 1911ஆம் ஆண்டில் அமைந்த சித்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதியும் நெல்லூர் மாவட்டத்தின் ஒரு பகுதியும் சேர்ந்து 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் ஆயிற்று. எல்லைகள் மாறினாலும் நீர்நிலைகளின் இயல்பு மாறவில்லை. பாகாலாவுக்கு அருகில் தோன்றிச் சந்திரகிரி, திருப்பதி, காளத்தி வழியாகக் கடலை அடையும் சுவர்ணமுகி, சித்தூர் நகரை அடுத்து ஓடி, பொன்னை என்ற பெயருடன் பாலாற்றில் கலக்கும் நீவா, பழவேற்காட்டை நோக்கிச் செல்லும் ஆரணியாறு ஆகிய யாவும் மழை பெய்தால் பெருகி, மழை ஓய்ந்தால் மணலுக்குள் ஒடுங்குபவை. காளத்தியின் ஆற்றைப் பொன்முகலி என்று தமிழ் நூல்கள் அழைக்கின்றன. கண்ணப்பர் வாயில் முகந்து சென்ற நீர் அந்த ஆற்றின் நீரே.

இத்தகைய ஆறுகளிலும், அவற்றிற்கு நீரூட்டும் மலையோடைகளிலும் வாழும் மீன்கள் பெரும்பாலும் ஒரு சாண் நீளத்தைத் தாண்டுவதில்லை. சந்தைக்கு வராதவை ஆதலால் அவற்றைக் குறித்த செய்திகளும் குறைவு. ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் கட்லா, ரோகு முதலிய வளர்ப்பு மீன்களின் எடையைக் கணக்கிடும் கள அலுவலர், அந்த ஏரிக்கு நீர் கொண்டுவரும் ஓடையில் எவை வாழ்கின்றன என்று கேட்டால், ‘சில்லறை மீன்கள்’ என்று விடை கூறி நகர்ந்துவிடுவார். அந்தச் சில்லறை மீன்களை உயிருடன் கையில் எடுத்துப் பார்த்து, இனம் அறிந்து, மீண்டும் நீரில் விடுவதற்கு ஏற்ற ஒரு முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அம்முறை, ஓரிரண்டு கிராம் எடையுள்ள போலி இரையை நுண்ணிய நரம்பில் கட்டி எறிந்து பிடிப்பதாகும். மேனாடுகளில் இது ஒரு விளையாட்டாக வளர்ந்தது. நமக்கோ இதன் பயன் வேறு. வலை வீசினால் மடுவே கலங்கும். புழு கோத்த தூண்டிலாயின் மீன் முள்ளை விழுங்கி மாளும். நகரும் போலி இரையைக் கவ்வும் மீனுக்குப் பெரும்பாலும் உதட்டோரத்தில்தான் முள் தைக்கிறது. ஆகவே காயம் சிறிது.

எடையின் கணக்கு

நம் ஊர்ச் சிறுவர்கள் மூங்கிற் கழி, நூல், தக்கை, முள் ஆகியவற்றைக் கொண்டு மீன் பிடிப்பதை அனைவரும் கண்டிருப்போம். அதில் எறிதல் என்பது இல்லை. கழியின் நீளமும் நூலின் நீளமும் எட்டும் இடத்தில் முள் இறங்குகிறது. போலி இரையைத் தொலைவில் எறிய வேண்டுமானால், எறியப்படும் பொருள் தன் பின்னால் நரம்பை இழுத்துச் செல்ல வேண்டும். பழங்காலத்து உருளைகளில், நரம்பு வெளியேறும்பொழுது உருளையும் சேர்ந்து சுழல வேண்டியிருந்தது. ஓய்ந்திருக்கும் உருளையைச் சுழலச் செய்வதற்கே வலிமை செலவாகும். எனவே கனமான இரையை மட்டுமே எறிய முடிந்தது.

இந்த இடையூற்றை நீக்கியவர் இங்கிலாந்தின் பிராட்போர்டு நகரத்துக் கம்பளி ஆலை அதிபராகிய ஆல்ஃபிரெட் ஹோல்டன் இல்லிங்வொர்த். 1905இல் அவர் காப்புரிமை பெற்ற கருவியில் உருளை அசைவதில்லை; நரம்பு அதன் முனை வழியாக வளையம் வளையமாக நழுவி வெளியேறுகிறது. இதைப் புரிந்துகொள்ள இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டுவதில்லை. நகரி, புத்தூர் பகுதி ஆசிரியர்கள் மாணவர்களை அருகிலுள்ள ஒரு தறிக்கு அழைத்துச் சென்றால் போதும். நாடாவுக்குள் இருக்கும் தார் சுழல்வதில்லை. ஊடைநூல் அதன் நுனியிலிருந்து உருவிக்கொண்டு வருகிறது. நாடா தறியின் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் பாயும்பொழுது நூல் தடையின்றி வெளிவருவது இதனாலேயே. நூற்பாலைகளின் நகரத்தில் வாழ்ந்த ஒருவருக்கு இந்த எண்ணம் தோன்றியது வியப்பன்று.

அடுத்த முன்னேற்றம் நைலான். 1938இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் அதை உலகுக்கு அறிவித்தது. பட்டு நூலைவிட மெல்லியதும், நீரில் ஊறி அழுகாததும், ஒற்றை இழையானதுமான நரம்பு இதனால் கிடைத்தது.

நரம்பு மெல்லியதாக இருக்க வேண்டுவதன் காரணத்தை எளிய கணக்கினாலேயே காட்டலாம். நைலானின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.14 கிராம். 0.15 மில்லிமீட்டர் விட்டமுள்ள நரம்பு 10 மீட்டர் நீளத்திற்கு 0.2 கிராம் எடை இருக்கும். விட்டம் இருமடங்காகி 0.30 மில்லிமீட்டர் ஆனால், குறுக்குப் பரப்பு நான்கு மடங்காகும். அதே நீளம் 0.8 கிராம் எடை பெறும். ஒரு கிராம் எடையுள்ள இரை 0.8 கிராம் நரம்பை இழுத்துச் செல்வதென்பது குருவியின் தலையில் பனங்காயை வைத்தது போலாகும். இரை பாதி வழியிலேயே சோர்ந்து விழும். மெல்லிய நரம்பின் தாங்குதிறனும் அதே விகிதத்தில் குறையும் என்பது உண்மையே. 0.15 மில்லிமீட்டர் நரம்பு சுமார் ஒன்றரை முதல் இரண்டு கிலோகிராம் இழுவிசை வரையே தாங்கும். ஆயினும் நீருக்குள் இருக்கும் மீனுக்கு எடை அநேகமாக இல்லை. நாம் எதிர்கொள்வது அதன் வாலின் உந்துவிசையை மட்டுமே. ஒரு சாண் மீனுக்கு இந்த நரம்பு தாராளம்.

கோல் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை நீளமும், நுனியில் எளிதில் வளையும் தன்மையும் உடையதாக இருத்தல் வேண்டும். எறியும்பொழுது வளைந்து நிமிரும் கோலே இரைக்கு வேகம் ஊட்டுகிறது. விறைப்பான கோலை ஒரு கிராம் எடை வளைக்காது. மீன் திமிறும்பொழுது அதே வளைவு வில்லைப் போல் அதிர்ச்சியைத் தாங்கி, நரம்பு அறாமல் காக்கிறது.

போலி இரைகளில் மிக எளியது கரண்டித் தகடு. அதற்கு அடுத்தது, ஒரு கம்பியைச் சுற்றி இலைபோன்ற சிறு தகடு சுழலும் சுழல்தகடு. அமெரிக்காவின் வெர்மாண்ட் பகுதியைச் சேர்ந்த ஜூலியோ பியூல் இவ்வகைத் தகட்டு இரைக்கு 1852இலேயே காப்புரிமை பெற்றார். கடையில் வாங்க இயலாத பள்ளியில் சோடாப் புட்டியின் தகர மூடியை இரண்டாக மடித்து, இரு முனைகளிலும் துளையிட்டு, ஒன்றில் நரம்பையும் மற்றொன்றில் முள்ளையும் இணைக்கலாம். அது சுமார் 2 கிராம் இருக்கும். நீரில் இழுத்தால் தள்ளாடித் தள்ளாடி வரும். அந்தத் தள்ளாட்டமே வேண்டுவது.

மீன் காண்பதும் உணர்வதும்

இனி, கருவியைவிட முக்கியமான பகுதிக்கு வருவோம். மீனுக்கு வெளியுலகம் எவ்வாறு தோன்றுகிறது என்பதை அறியாதவர் எத்துணை நல்ல கோலை வைத்திருந்தும் பயன் இல்லை. தெளிந்த ஓடையில் மீனை நாம் காண்பதற்கு முன்னரே மீன் நம்மைக் கண்டுவிடுகிறது.

நீரின் ஒளிவிலகல் எண் 1.33. காற்றிலிருந்து நீருக்குள் புகும் ஒளிக்கதிர்கள் செங்குத்துக் கோட்டை நோக்கி வளைகின்றன. அடிவானத்திலிருந்து நீர்ப்பரப்பைத் தடவிக்கொண்டு வரும் கதிரும்கூட நீருக்குள் செங்குத்துக்கு 48.6 பாகைக்கு மேல் சாய்ந்து செல்வதில்லை. ஆகவே, மீன் மேல்நோக்கிப் பார்க்கும்பொழுது வெளியுலகம் முழுவதும் ஒரு வட்டச் சாளரத்துக்குள் சுருங்கித் தெரிகிறது. 30 சென்டிமீட்டர் ஆழத்தில் உள்ள மீனுக்கு இச்சாளரத்தின் விட்டம் சுமார் 68 சென்டிமீட்டர். அதற்கு அப்பால் நீரின் மேற்பரப்பு, ஓடையின் அடித்தளத்தைக் காட்டும் கண்ணாடியாகவே அதற்குத் தோன்றும். நீர் நிறைந்த ஒரு கண்ணாடித் தொட்டியின் பக்கச் சுவர் வழியாகச் சாய்வாக மேல்நோக்கிப் பார்த்தால், நீர்ப்பரப்பின் அடிப்புறம் வெள்ளித் தகடுபோல் மின்னுவதை மாணவர்களே காணலாம்.

இதில் மீன்பிடிப்போருக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நீர்மட்டத்திலிருந்து 10 பாகை உயரத்துக்குள் அடங்கும் பொருள்கள் அனைத்தும் மீனின் பார்வையில் சாளரத்தின் ஓரத்தில் ஏறக்குறைய ஒரே பாகை அகலமுள்ள கோட்டுக்குள் நசுக்கப்படுகின்றன. அந்தச் சாய்வில் வரும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கு நீர்ப்பரப்பிலேயே எதிரொளிக்கப்பட்டு வீணாவதால், அக்கோடு மங்கியும் இருக்கும். 6 மீட்டர் தொலைவில் 10 பாகை என்பது சற்றேறக்குறைய ஒரு மீட்டர் உயரம். தாழ்ந்த கரையில் அத்தொலைவில் நிற்பவரை மீன் காணும். அதே இடத்தில் குந்தியிருப்பவர் அதன் கண்ணுக்குப் புதர்களோடு புதராகிவிடுவார். கொக்கு கழுத்தை ஒடுக்கி நிற்பதன் இரகசியத்தில் இதுவும் ஒரு பகுதியாக இருக்கலாம்.

ஒலியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உள்ளது. கரையில் பேசினால் மீன் ஓடிவிடும் என்பர். காற்றில் எழும் ஒலியின் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே நீருக்குள் நுழைகிறது; எஞ்சியது திரும்பிவிடும். மெல்லப் பேசுவதால் கேடில்லை. கரையில் அடி பதிய நடப்பதுதான் கேடு. அந்த அதிர்வு மண்ணின் வழியே நேராக நீரை அடைகிறது. மீனின் உடலின் இரு பக்கங்களிலும் செவுள் முதல் வால்வரை ஓடும் பக்கக்கோடு என்னும் உறுப்பு, நீரின் மிகச் சிறு அசைவையும் உணரவல்லது. நுண்மயிர்களைக் கொண்ட உணர்செல்கள் அக்கோட்டின் துளைகளுக்குக் கீழே வரிசையாக அமைந்துள்ளன. மாணவர் கூட்டத்தை ஓடைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், ‘பேசாதே’ என்று அதட்டுவதைவிட, ‘குதிக்காதே’ என்று சொல்வது விஞ்ஞானத்திற்கு உகந்தது.

போலி இரையின் வேலை இந்த இரு புலன்களையும் ஏமாற்றுவதே. தகட்டின் மினுக்கு கண்ணுக்கு; சுழற்சியால் எழும் துடிப்பு பக்கக்கோட்டுக்கு. காயமுற்ற சிறு மீனோ நீரில் விழுந்த பூச்சியோ எழுப்பும் துடிப்பை அது ஒத்திருக்கிறது. நீர் கலங்கியிருக்கும்பொழுது சுழல்தகடும், தெளிந்திருக்கும்பொழுது அடக்கமான சிறு கரண்டியும் ஏற்றவை என்பது இதனாலேயே பெறப்படும். வண்ணங்களைப் பற்றி வணிகர்கள் நிறையச் சொல்வர். முழங்கால் ஆழமுள்ள ஓடையில் வண்ணத்தைவிட அளவே முக்கியம் என்பது எம் கருத்து. இரை, மீன் வழக்கமாக உண்ணும் பூச்சியைவிடப் பெரிதாக இருந்தால், துரத்திவந்து கடைசியில் திரும்பிவிடும்.

எந்த மீன்கள் வரும்

மலையடிவாரத்துக் கற்கள் நிறைந்த ஓட்டத்தில் முதலில் பாய்ந்து வருபவை பாரிலியஸ் கூட்டத்தைச் சேர்ந்த மீன்கள். வெள்ளி மேனியில் குறுக்கே நீலங்கலந்த பட்டைகள் கொண்ட இவை, நீரின் மேற்பகுதியில் அணி வகுத்து நின்று, ஓட்டத்தில் வரும் பூச்சிகளைக் கவ்வும். இவற்றில் ஒன்றாகிய பெண்டெலிசிஸ் என்னும் இனத்தை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் பிரான்சிஸ் புக்கானன் ஹாமில்டன். 1800இல் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர் நாட்டைச் சுற்றி ஆராய்ந்த அவர், ஹிரியூரை அடுத்த வேதாவதி ஓடையில் கிடைத்த அம்மீனை 1807இல் வெளிவந்த தம் பயணநூலில் விவரித்தார். கையளவு கூட இல்லாத ஒரு மீனுக்காக ஓடைக்கரையில் நின்று குறிப்பெடுத்த அந்த மனப்பாங்கு நம் கள அலுவலர்க்கும் வேண்டும்.

இவற்றோடு கலந்து, உடலின் நெடுகே நீல மஞ்சள் கோடுகள் ஓடும் டேனியோ வகை மீன்களும் சிறிய இரையைக் கவ்வும். பாறைகளின் அடியிலும் கரையோர வேர்களின் இடுக்கிலும் பதுங்கியிருப்பது சிறு குரவை. சன்னா கச்சுவா என்பது இதன் அறிவியற் பெயர். துடுப்புகளின் விளிம்பில் செம்மஞ்சள் கரை கட்டியிருப்பதைக் கொண்டு இதை எளிதில் அடையாளம் காணலாம். விராலின் உறவாகிய இது, அளவிற் சிறிதாயினும் துணிவிற் பெரிது. தன் இருப்பிடத்தின் அருகே வரும் எதையும் தாக்கும். விராலைத் தெலுங்கில் கொர்ரமீனு என்பர். இருமொழியும் பழகும் இப்பகுதி மாணவரிடம் இரு பெயர்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுதல் நன்று.

மணற்பாங்கான இடங்களில், தரையோடு தரையாகப் படுத்திருந்து சட்டென எழும்பிக் கவ்வுவது உழுவை. இரை தரையைத் தொட்டுத் தொட்டு வரும்படி இழுத்தால்தான் அதன் கண்ணில் படும். ஊசிபோல் நீண்ட அலகுடைய கொக்கு மீன், ஓட்டம் தளர்ந்த இடங்களில் நீர்மட்டத்திலேயே மிதந்து நிற்கும். இரையைத் துரத்தும், ஆனால் அதன் கடினமான அலகில் முள் ஏறுவது அரிது. ஆரலும், பாறையில் வாயை ஒட்டிப் பாசி மேயும் காரா மீனும் தகட்டைப் பொருட்படுத்துவதில்லை. ஓடையில் இருப்பவற்றுள் ஒரு பகுதியையே தூண்டில் காட்டும் என்பதைப் பட்டியல் எழுதுவோர் மறக்கலாகாது.

ஏரிக்கு அண்மையில் உள்ள ஓடைகளில் ஜிலேபிக் கெண்டையும் அகப்படும். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இம்மீன் 1952இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவியது. ஓடையின் எந்த இடம் வரை அது ஏறியிருக்கிறது என்ற குறிப்பு ஒன்றே, இம்முறையில் செலவிடும் ஒரு காலைப்பொழுதுக்குப் போதிய பயன் ஆகும்.

ஓடைக்கரையில்

ஓடும் நீரில் மீன் ஓட்டத்தை எதிர்நோக்கியே நிற்கும். ஆகவே கீழிருந்து மேலாக நடந்து, மீனின் பின்புறமாக அணுகி, இரையை மேல்நோக்கி எறிய வேண்டும். எறிந்த இரை ஓட்டத்தோடு நம்மை நோக்கி வருவதால், அதைவிடச் சற்று விரைவாகச் சுற்றினால்தான் தகடு சுழலும். ஓர் இலையை நீரில் விட்டு அது 5 மீட்டரைக் கடக்கும் நேரத்தை அளந்தால் ஓட்டத்தின் வேகம் கிடைக்கும். வேகம் நொடிக்கு அரை மீட்டர் என்று கொள்வோம். சிறிய உருளையின் கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் அரை மீட்டருக்குச் சற்று மேல் நரம்பு உள்வரும். நொடிக்கு ஒரு சுற்றுக்கும் கூடுதலாகச் சுற்ற வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது. பலர் வெறுங்கையோடு திரும்புவது இந்தக் கணக்கைச் செய்யாமையாலேயே.

மடுவின் நடுவில் எறிவதில் பயன் குறைவு. கற்களிடையே சலசலத்து வரும் நீர் மடுவில் இறங்கும் தலைப்பகுதியும், விரைந்த ஓட்டமும் தேங்கிய நீரும் சந்திக்கும் கோடும், பெரிய பாறையின் பின்புறமும்தான் மீன் நிற்கும் இடங்கள். குறைந்த உழைப்பில் நின்று, ஓட்டம் கொண்டுவரும் உணவைப் பெறும் இடத்தையே அது தெரிந்தெடுக்கிறது. முதலில் மடுவின் வாற்பகுதியில் தொடங்கி மெல்ல மேலேறினால், பிடிபட்ட மீனின் திமிறல் மற்றவற்றைக் கலைக்காது.

எல்லா ஓடையும் இதற்குரியதன்று. தலக்கோணை அருவி உள்ளிட்ட சேஷாசலக் காடுகளின் பெரும்பகுதி 1989இல் ஸ்ரீ வேங்கடேசுவரா தேசியப் பூங்கா ஆயிற்று. பலமனேர், குப்பம் பக்கத்துக் காடுகள் கௌண்டின்யா வனவிலங்குச் சரணாலயமாக உள்ளன. அவ்வெல்லைகளுக்குள் தூண்டிலை எடுத்துச் செல்லவே கூடாது. வன இலாகாவின் எழுத்து அனுமதியின்றி ஆராய்ச்சிக்காகவும் மீனைத் தொடலாகாது. வெளியிலுள்ள ஏரிகளிலும் மடுக்களிலும் மீன்பிடி உரிமை பல இடங்களில் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குத்தகையாக விடப்பட்டிருக்கும். கேட்டறிந்த பின்னரே எறிய வேண்டும். குத்தகை இல்லாத ஓடையிலும்கூட அம்மீன்கள் உரிமையற்றவை அல்ல. பறியும் ஊத்தாவும் கொண்டு பிடித்து அன்றன்றைய குழம்புக்கு வழி தேடும் யானாதி, இருளர் குடும்பங்களுக்கு அவை உணவு. மாதச் சம்பளம் பெறுவோர் அங்கே பொழுதுபோக்காகக் கூடை நிரப்புவது அழகன்று.

கோடை மடு

இந்த ஓடைகளின் வாழ்வு கோடையில்தான் ஊசலாடுகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த சில மாதங்களில் ஓட்டம் அறுந்து, ஓடை மடுக்களின் வரிசையாகிவிடும். பங்குனி, சித்திரையில் மைல்கணக்கான ஓடைக்கு இரண்டு மூன்று மடுக்களே மிஞ்சுவதுண்டு. ஓடையின் மீன்கள் யாவும் அவற்றுள் அடைபட்டுக் கிடக்கும். அடுத்த புதுவெள்ளத்தில் ஓட்டத்தை எதிர்த்து ஏறி, முட்டையிட்டு, ஓடையை மீண்டும் நிரப்ப வேண்டியவை அவையே. அவை விதைநெல். பஞ்சத்திலும் விதைநெல்லைக் குத்தி உண்ணாத குடியானவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் மடுவில் மீன் துள்ளுவதைக் கண்டு மகிழ்ந்து தூண்டிலோடு வரும் நகரத்தாருக்கு விளக்கியாக வேண்டும்.

கோடை மடுவில் பிடித்து விடுவதும் தீங்கே. நீரின் உஷ்ணம் 20 பாகையாக இருக்கும்பொழுது ஒரு லிட்டரில் சுமார் 9.1 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கக் கூடும். 30 பாகையில் 7.5 மில்லிகிராமே கரையும். உஷ்ணம் ஏற ஏற மீனின் உடலியக்கம் விரைவுபட்டு அதன் பிராணவாயுத் தேவையோ கூடும். வரவு குறைந்து செலவு மிகும் அந்நிலையில், தூண்டிலில் சிக்கித் திமிறிக் களைத்த பாரிலியஸ் மீண்டும் நீரில் விடப்பட்டாலும் சிறிது நேரத்தில் புரண்டு மிதக்கலாம். குரவையும் விராலும் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு உடையவை, அவை தாங்கும். மற்றவை தாங்கா. ஓட்டம் நின்ற ஓடையில் எறியாதிருப்பதே விதி.

இன்னொன்று, இதனினும் கொடியது. சில இடங்களில் மடு வற்றும் தறுவாயில் நஞ்சு கலந்து, மிதக்கும் மீன்களை அள்ளுகின்றனர். முற்காலத்தில் மதுக்காரைக் காய், காக்காய்க்கொல்லி விதை, கள்ளிப்பால் முதலியன இதற்குப் பயன்பட்டன. பூச்சிக்கொல்லியும் பிளீச்சிங் தூளும் வந்த பின்னர் கேடு பன்மடங்காகியது. சமையலுக்குத் தேவையான நான்கு மீன்களுக்காக, குஞ்சு, நண்டு, தவளை, பூச்சிப் புழுக்கள் அனைத்தும் மாள்கின்றன. கல்லுடைக்கும் வெடியைப் பயன்படுத்துவோரும் உண்டு. இது நேற்றுத் தோன்றிய கவலையன்று. தென் கன்னட மாவட்டத்தில் கலெக்டராயிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1870இல் அம்மாவட்டத்து மீன்வளம் குறித்து அறிக்கை அளித்தார். 1873இல் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றித் தனி நூலும் வெளியிட்டார். அதே 1873இல் பிரான்சிஸ் டே இந்தியாவினதும் பர்மாவினதும் நன்னீர் மீன்வளம் குறித்த அறிக்கையைத் தந்தார். 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் வெடியையும் நஞ்சையும் கொண்டு மீன் பிடிப்பதைக் குற்றமாக்கி, இரண்டு மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம் விதித்தது. சட்டம் ஊருக்குள் வருவது பெரும்பாலும் ஆசிரியர் வாயிலாகவோ கள அலுவலர் வாயிலாகவோதான். மடுவின் நீர் ஆடுமாடுகளும் மனிதரும் அருந்தும் நீர் என்ற ஒரே செய்தி, மீனைப் பற்றிய பத்து அறிவுரைகளைவிட விரைவில் பலிக்கும்.

பிடித்தபின்

முள் ஒன்றே இருக்க வேண்டும்; கடையில் வாங்கும் தகடுகளில் மூன்று முனை முள் இருந்தால் கழற்றிவிட்டு, 10 முதல் 14 வரை எண்ணுள்ள ஒற்றை முள்ளைப் பூட்டுக. முள்ளின் உட்புறம் பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கி மழுப்பிவிட்டால், பிடிபட்ட மீனை இரண்டு நொடியில் விடுவிக்கலாம். நரம்பு தளராமல் வைத்திருந்தால் எதிர்முள் இல்லாமலும் மீன் தப்பாது.

மீனைத் தொடுமுன் கையை நீரில் நனைத்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. மீனின் உடலைப் போர்த்துள்ள வழுவழுப்பான பூச்சு, நோய்க்கிருமிகளைத் தடுக்கும் கவசம். காய்ந்த கையும் சூடான பாறையும் அதை வழித்தெடுத்துவிடும். அகன்ற கண்ணாடிப் புட்டி ஒன்றில் ஓடை நீரை நிரப்பி, மீனை அதனுள் விட்டு, நீளத்தையும் நிறத்தையும் குறித்துக்கொண்டு, மாணவர்கள் ஒரு முறை பார்த்ததும் பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம். பிடித்ததை விடுவது நம் சிறுவர்க்கு வேடிக்கையாகத் தோன்றும். நாகப்பட்டினத்து அதிபத்த நாயனார் நாள்தோறும் ஒரு மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்ட கதையைச் சொல்லலாம். அது பக்தி, இது கணக்கெடுப்பு. ஆயினும் கதை கேட்ட பிள்ளைகள் மறுப்பின்றி விடுவர்.

மழைக்காலத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சிறு குரவையின் ஆண் முட்டைகளையும் குஞ்சுகளையும் தன் வாயிலேயே வைத்துக் காக்கிறது. வாய் உப்பிய குரவை கண்ணில் பட்டால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிட வேண்டும். விராலின் செந்நிறக் குஞ்சுகள் நீர்மட்டத்தில் பந்துபோல் திரண்டு மொய்த்தால், கீழே பெற்றோர் காவல் நிற்கிறது என்று பொருள். அதன்மீது இரையை எறிந்தால் சினத்தால் கட்டாயம் கவ்வும். அதைத் தூக்கிய சிறிது நேரத்திற்குள் மற்ற மீன்கள் குஞ்சுகளை உண்டுவிடும்.

அறுந்த நரம்பை ஓடையில் விட்டுவரலாகாது. அழுகாத அந்நரம்பு கொக்கின் காலிலும் ஆமையின் கழுத்திலும் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கிடக்கும். ஈயக் குண்டுகளுக்குப் பதில் பித்தளையோ டங்ஸ்டனோ பயன்படுத்தலாம், ஈயம் நஞ்சு.

குறிப்பேட்டில் நாள், ஓடையின் பெயர், அருகிலுள்ள ஊர், நீரின் உஷ்ணம், ஓட்டத்தின் வேகம், மீனின் தமிழ்ப் பெயர், தெலுங்குப் பெயர், நீளம் ஆகியவற்றை எழுதுக. ஒன்றும் அகப்படாத நாளையும் எழுதுதல் வேண்டும். இவற்றோடு, ஒவ்வோர் ஆண்டும் ஓட்டம் எந்த நாளில் நின்றது, எத்தனை மடுக்கள் எஞ்சின, முதல் வெள்ளம் எந்த நாளில் வந்தது என்ற மூன்று வரிகளைத் தவறாது சேர்த்துவர வேண்டும். 2021 நவம்பரில் திருப்பதியை மூழ்கடித்தது போன்ற பெருவெள்ளத்தின் பின் எந்த மீன்கள் எவ்வளவு விரைவில் மேலோடைக்குத் திரும்புகின்றன என்பதை, அதற்கு முந்தைய ஆண்டுகளின் குறிப்பு கையில் உள்ள பள்ளி மட்டுமே சொல்ல முடியும். கார்த்திகை மழை தெளிந்து நீர் கண்ணாடிபோல் ஓடத் தொடங்கும் மார்கழி, தை மாதங்களே இவ்வேலையைத் தொடங்குவதற்கு ஏற்ற காலம்.